மூன்றாவது அடுப்பு

போன மாதம் பேத்தி தன் கைப்பேசியில் ஓர் அழைப்பிதழைக் காட்டினாள். சென்னையில் ஏதோ ஓர் அரங்கில் நாடகமாம். ‘இன்றைய வாழ்க்கை, செய்யுள் நடையில், தமிழ் மேடையில் ஒரு புதிய முயற்சி’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. “எப்படியெல்லாம் யோசிக்கிறாங்க பாருங்க” என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. புதிய முயற்சியாம்! ரேஷன் அரிசிக்கு ஊரே வரிசையில் நின்ற காலத்தில், காரைக்குடியில், எங்கள் வீட்டு அடுப்படியில், புளிக்குழம்பு கொதிக்கக் கொதிக்க அந்த முயற்சி நடந்து முடிந்துவிட்டது. நான் அதில் நடித்தவள். எனக்கு ஒரே ஒரு வரிதான். ஆனாலும் நடித்தவள் நடித்தவள்தானே.

என் வயசுக்காரர்களே, உங்களுக்கு எங்கள் பக்கத்து வழக்கத்தை விளக்க வேண்டியதில்லை. சின்னவர்கள் யாராவது எட்டிப் பார்த்தால் அவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீடுகளில் அண்ணன் தம்பிகள் ஒரே கூரைக்குக் கீழே இருப்பார்கள், ஆனால் ஒரே பானையில் சாப்பிட மாட்டார்கள். கல்யாணமாகிக் கொஞ்ச நாளில் புது ஜோடிக்குப் பாத்திரமும் அரிசியும் விறகும் கொடுத்துத் தனி அடுப்புப் போட்டுவிடுவார்கள். ‘வேறு வைப்பது’ என்று அதற்குப் பெயர். சண்டை போட்டுப் பிரிவதல்ல, நல்ல நாள் பார்த்துப் பிரிவது. அதற்குப் பிறகு என்ன சமைப்பது, யாருக்கு இலை போடுவது, எந்த விருந்தாளியைக் கையைப் பிடித்து உட்கார வைப்பது எல்லாம் அந்த அடுப்புக்காரியின் இஷ்டம். அடுப்பு இருந்தால்தான் அவள் ஒரு குடும்பம். இல்லாவிட்டால் இன்னொருத்தி குடும்பத்தில் ஒரு வாய்.

எங்கள் வீட்டில் இரண்டாங்கட்டு முற்றத்தை ஒட்டிய கிழக்குத் தாழ்வாரத்தில் மூன்று மண் அடுப்புகள் வரிசையாக இருந்தன. முதலாவது பெரியாத்தாவுடையது. அப்பச்சியின், அதாவது என் அப்பாவின், அண்ணன் மனைவி. இரண்டாவது என்னைப் பெற்ற ஆத்தாவுடையது. மூன்றாவது சின்னாத்தாவுடையது. அப்பச்சியின் தம்பி, எங்கள் சித்தப்பச்சி, பினாங்கில் கடையில் இருந்தார். கல்யாணமான மறுவருஷம் கப்பல் ஏறியவர், நடுவில் ஒரு தடவை வந்துவிட்டுப் போனார். அவர் முகம் எனக்குச் சரியாக நினைவில்லை, அவர் கொண்டுவந்த பிஸ்கட் டப்பாவின் மூடியில் இருந்த சிவப்புப் பறவை நன்றாக நினைவிருக்கிறது. குழந்தை குட்டி கிடையாது. அதனால் மூன்றாவது அடுப்பில் ஒருத்திக்குத்தான் உலை.

பெரியாத்தாவைக் கண்டால் எங்களுக்கெல்லாம் பயம். பேச்சைக்கூட அளந்துதான் போடுவாள். அரிசியை உழக்கில் எடுத்தால் விளிம்பில் விரலால் வழித்துவிட்டுத்தான் பானையில் கொட்டுவாள். சாமி அறையில் விளக்கு வைத்துவிட்டால் அவள் அடுப்பிலிருந்து உப்பும் போகாது, நெருப்பும் போகாது, ஒரு தீக்குச்சிகூடப் போகாது. வெள்ளிக்கிழமையென்றால் கேட்கவே வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி விளக்கு வைத்த பிறகு வந்து ஒரு கங்கு கேட்டதற்கு, “நாளைக்குப் பொழுது விடியாதாக்கும்?” என்று கேட்டு அனுப்பினாள்.

சின்னாத்தா வேறு வார்ப்பு. வளர்த்தி, வாய்த்துடுக்கு. பள்ளி இறுதி வரை படித்தவள். அவளுடைய தகப்பனார் செய்யுள் பித்துப் பிடித்தவராம், மகளுக்கும் அதைத் தொற்ற வைத்துவிட்டார். அவளிடம் பித்தளை ஊதுகுழல் ஒன்று இருந்தது, கழுத்தில் மூன்று வரி வளையமும் வாய்ப்பக்கம் ஒரு நசுங்கலுமாக. அடுப்பை ஊதிவிட்டு அந்தக் குழலாலேயே தரையில் தட்டித் தட்டி வரி சொல்லுவாள். ஒரு வரிக்கு நாலு தட்டு. “நாலு சீர் வந்தா வரி நிக்கும். கட்டிலுக்கு நாலு கால் மாதிரி” என்பாள். அந்தத் தட்டுச் சத்தம் கேட்டால் சின்னாத்தா அடுப்பில் சோறு பொங்கப் போகிறது என்று எங்களுக்குத் தெரியும். சோற்றை மறந்துவிட்டிருப்பாள்.

அந்த வருஷம் வைகாசியில் பெரியாத்தாவின் வீட்டுக்காரர், எங்கள் பெரியப்பச்சி, ஒரு முடிவுக்கு வந்தார். அவரைப் பற்றித் தப்பாக நினைக்காதீர்கள், நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் எடுக்கிற முடிவுதான் எப்போதும் ஆளை அமுக்கும். இரண்டாங்கட்டு வாசலில் நின்றுகொண்டு பொதுவாகச் சொன்னார். “அரிசி கிடைக்காத காலத்துல ஒத்தை ஆளுக்குத் தனியா உலை எதுக்கு? பாவம், தனியாக் கிடந்து கஷ்டப்படுறா. ஆவணியில நல்ல நாள் பாத்து மூணாவது அடுப்பை எடுத்துருவோம். நம்மளோட சாப்பிடட்டும்.”

 பெரியப்பச்சி அந்தப் பக்கம் போன பிறகு சின்னாத்தா ஊதுகுழலை எடுத்து அடுப்பை ஊதினாள். அடுப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது. சும்மா ஊதினாள்.

ஊரில் ஓர் இலக்கியக் கழகம் இருந்தது. அதன் செயலாளர் உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியர், சைக்கிள் பாரில் குடையைச் செருகிக்கொண்டு போவார். அந்த ஆண்டு விழாவுக்கு அவருக்குப் புது யோசனை வந்தது. புதிதாக ஒரு நாடகம் வேண்டும், முழுக்கச் செய்யுளில் இருக்க வேண்டும், ஆனால் ராஜா வரக்கூடாது, ரிஷி வரக்கூடாது. பஸ்ஸில் போகிறவன், ரேஷன் கடையில் நிற்கிறவள், இவர்கள் பேசவேண்டும். எழுதக்கூடியவர்கள் எழுதித் தரலாம் என்று வாசகசாலைப் பலகையில் எழுதிப் போட்டார். அப்பச்சி அதைச் சாப்பிடும்போது வேடிக்கையாகச் சொன்னார். “ரேஷன் கடைக்காரன் வெண்பாவுல பேசுவானாம்” என்று சொல்லிச் சிரித்தார். அடுத்த அடுப்பில் குழல் தட்டும் சத்தம் நின்றது.

ஆனி மாதம் முழுவதும் அவள் எழுதினாள். மத்தியானம் மற்ற இரண்டு அடுப்புகளும் சாம்பலுக்குள் தூங்கும் நேரத்தில், சுவரில் சாய்ந்துகொண்டு, காலை நீட்டி, பழைய காலண்டர் தாள்களின் பின்புறத்தில். விஷயம் இதுதான்: ஒரு வீடு, மூன்று அடுப்பு, மூன்று பெண்கள், அவர்களுக்கு நடுவே கிண்ணம் தூக்கும் ஒரு சிறுமி. மூன்றாவது அடுப்பை அணைக்கப் போகிறார்கள். அதைப் பற்றி யாரும் நேராகப் பேசாமல் உப்பையும் நெய்யையும் பற்றிப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். நாடகம் முடியும்போது மூன்றாவது அடுப்பு எரியாமல் கிடக்கிறது, அவ்வளவுதான். காது கொடுத்துக் கேட்க ஒரு ஆள் வேண்டுமென்று என்னை எதிரில் உட்கார வைத்துச் சொல்லிக் காட்டுவாள். “பாட்டு மாதிரிக் கேக்குதா, பேச்சு மாதிரிக் கேக்குதா?” என்பாள். பேச்சு மாதிரி என்று சொன்னால் எனக்கு ஒரு சீடை கிடைக்கும். பாட்டு மாதிரி என்றால் அந்த வரியை அடித்துவிட்டு வேறு எழுதுவாள். சீடைக்காக நான் பொய் சொன்னதில்லை. எனக்குக் காது அப்போதே நல்ல காது.

எழுதியது செயலாளருக்குப் போயிற்று. இரண்டு நாளில் சைக்கிளை மிதித்துக்கொண்டு ஓடிவந்தார். “ஆச்சி, இதைத்தான் தேடிக்கிட்டிருந்தோம்” என்றார். சட்டை முழுக்க வேர்வை. பெரியப்பச்சி அவருக்கு மோர் கொடுக்கச் சொல்லிவிட்டு, நம் வீட்டு மருமகள் செய்யுளில் நாடகம் எழுதியிருக்கிறாளா என்று பூரித்துப் போனார். விழாவை நம் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அழைப்பு அச்சடிக்கச் சொன்னார். கோட்டையூர் சம்பந்திகளுக்கும் கானாடுகாத்தான் பங்காளிகளுக்கும் ஆள் விட்டார். “படிச்சீகளா?” என்று செயலாளர் கேட்டதற்கு, “செய்யுள்னாலே உசந்த விஷயம்தானே” என்று கையெடுத்துக் கும்பிட்டார். செய்யுள் என்றால் கிரீடம், செங்கோல், கடைசியில் மங்களம் என்பது அவர் கணக்கு. தன் வீட்டு அடுப்பு அதில் புகைகிறது என்று அவருக்கு எப்படித் தோன்றும்? செயலாளரோ, வீட்டுப் பெரியவர் படித்துவிட்டுத்தான் இவ்வளவு பெருந்தன்மையாக இருக்கிறார் என்று நினைத்து உருகிப் போனார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் மெச்சிக்கொண்டு மோர் குடித்தார்கள்.

பெண்கள் பக்கம் விஷயம் போனது என்னால். எங்கள் வீட்டில் எந்த அடுப்பில் என்ன வெந்தாலும் ஒரு கிண்ணம் மற்ற இரண்டு அடுப்புக்கும் போக வேண்டும். கிண்ணம் தூக்குவது என் வேலை. கிண்ணத்தோடு வரியும் போயிற்று. இன்றைக்கும் அதற்காக நான் வருந்தவில்லை. நல்ல வரியை வாயில் வைத்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியாது.

பெரியாத்தாவிடம் கத்தரிக்காய்க் கூட்டை நீட்டிவிட்டு நாடகத்தின் முதல் வரிகளைச் சொன்னேன்.

“அரிசி எனது; அளவும் எனது;
கரியும் எனது; கையும் எனது;
எரிவது மட்டும் எவர்கைத் தீயோ?”

பெரியாத்தாவின் கை உழக்கின் விளிம்பிலேயே நின்றது. “யாரு, நானா?” என்றாள். “நான் அளந்து போடுறவளா? அளந்து போட்டுத்தானே இந்தப் பஞ்சத்துல இத்தனை வயிறு நிறையுது! எழுதுறவளுக்கு என்ன தெரியும்?”

ஆத்தாவுக்கு வேறு வரி பிடித்துக்கொண்டது.

“நேற்றுக் கொடுத்த நெய்யை நினைத்தே
சோற்றைக் குறைத்துச் சொல்லைப் பெருக்கினாய்.”

“அந்த நெய் என் நெய்தான்” என்று ஆத்தா கொதித்தாள். “கார்த்திகைக்கு நான் கொடுத்தது. கொடுத்ததைச் சொல்லிக் காட்டுறேன்னு ஊரு முன்னாடி சொல்லப் போறாளா?”

மூன்று அடுப்புக்கும் நடுவே சண்டை மூண்டது. ஆனால் சண்டை போட அவர்களுக்குச் சொந்த வார்த்தை கிடைக்கவில்லை. அதைவிடக் கூர்மையான வார்த்தை பக்கத்து அடுப்பில் தயாராக இருக்கும்போது எதற்குத் தேட வேண்டும்? ஒரு நாள் ஆத்தா அனுப்பிய கிண்ணத்தில் குழம்பு குறைவாக இருந்ததென்று பெரியாத்தா தாழ்வாரத்தில் நின்றபடியே, “சோற்றைக் குறைத்துச் சொல்லைப் பெருக்கினாய்” என்று எறிந்தாள். ஆத்தா கொஞ்சமும் தயங்காமல், “அரிசி எனது, அளவும் எனது” என்று உழக்கை வழிப்பதுபோல் விரலைக் காட்டித் திருப்பி எறிந்தாள். மூன்றாவது அடுப்பில் சின்னாத்தா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அவள் அழுகிறாள் என்று நான் நினைத்துக் கிட்டே போனேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஆடிக் கடைசியில் கழகத்தார் நடிகர்களைக் கொண்டுவந்தார்கள். பெண்களை மேடையேற்ற அப்போது யார் சம்மதிப்பார்கள்? பெண் வேஷம் கட்டிப் பழகிய வயதான நாடகக்காரர் ஒருவர், அவருக்குத் துணையாக இரண்டு பேர், ஓர் ஆர்மோனியக்காரர். அந்த நாடகக்காரர் மேல் ரோஜாப் பவுடர் வாசனை அடித்தது. மீசையில்லாத மேல் உதட்டை அடிக்கடி ஒற்றைவிரலால் துடைத்துக்கொள்வார். முற்றத்தில் ஒத்திகை. சின்னாத்தா தூணுக்குப் பின்னால், நான் அவள் இடுப்புக்குப் பக்கத்தில்.

இரண்டாவது பெண் முதல் பெண்ணிடம் உப்புக் கேட்கிற இடம். வரி இவ்வளவுதான்: “உப்புண்டா ஆச்சி, ஒருகை போதும்.” ஆர்மோனியம் ஒரு சுருதியைப் பிடித்தது. நாடகக்காரர் கண்ணை மூடினார். “உப்பு” என்று ஆரம்பித்து மேலே ஏறினார், அங்கே ஒரு சுற்றுச் சுற்றினார், இறங்கினார், திரும்ப ஏறினார். நல்ல குரல், அதைச் சொல்லாவிட்டால் பாவம். ஆச்சிக்கு வந்து சேர்வதற்குள் ஆர்மோனியக்காரருக்கு மூச்சு வாங்கியது.

சின்னாத்தா தூணைவிட்டு வெளியே வந்துவிட்டாள். “அண்ணே, அடுப்புல குழம்பை வச்சிட்டு உப்புக் கேக்க வந்தவ அவ. இம்புட்டு நேரம் இழுத்தீகன்னா அங்குட்டுக் குழம்பு கரிஞ்சிரும்.”

“பாட்டா எழுதிட்டுப் பாடாதேங்குறீகளே ஆச்சி. சோத்தைப் போட்டுட்டு மெல்லாதேன்னா எப்படி?”

“பாட வேண்டாம்ண்ணே. பேசுங்க. பாட்டு உள்ளுக்குள்ள இருக்கட்டும்.”

செயலாளர் குறுக்கே வந்து, நான் சொல்லிக் காட்டுகிறேன் என்று வகுப்பில் படிப்பதுபோல் ஒவ்வொரு சீராக வெட்டி வெட்டிச் சொன்னார். உப்புண்டா. ஆச்சி. ஒருகை. போதும். தபாலாபீஸில் முத்திரை குத்துவதுபோல் இருந்தது. நாடகக்காரர் இரண்டு நாள் மெனக்கெட்டார். வரியை வாயில் வைத்தால் ராகம் தானாக வந்தது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “ராகம் இல்லாம எனக்கு வாய் வராது ஆச்சி. உங்க நாடகத்துல குத்தம் சொல்லலை. இது எங்க வாய்க்கு எழுதினது இல்லை” என்று கும்பிட்டார். மற்றவர்களும் அவரோடு போய்விட்டார்கள். விழா அந்த வெள்ளிக்கிழமை.

புதன் காலையில் செயலாளர் இரண்டாங்கட்டு வாசலில் வந்து நின்றார். குடையைக் கையில் வைத்து முறுக்கிக்கொண்டிருந்தார். “தேதியைத் தள்ளிப் போட்டுருவோம் ஆச்சி. புரட்டாசியில வச்சுக்குவோம். அதுக்குள்ள ஆள் பழக்கிடலாம்.”

“புரட்டாசியில எனக்கு நாடகம் எதுக்கு?” என்றாள் சின்னாத்தா. “ஆவணியில அடுப்பை எடுத்துருவாக.”

அவள் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதே இல்லை. அவளுக்கு அந்த நாடகம் விழாவுக்காக அல்ல என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. வீட்டில் யாரிடமும் நேராகக் கேட்க முடியாததை ஊரைக் கூட்டிவைத்துக் கேட்கப் பார்த்தாள். அந்த வழியும் அடைபட்டது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

முதல் அடுப்பிலிருந்து பெரியாத்தா எழுந்தாள். அவள் எழுந்தால் முழங்காலில் ஒரு சத்தம் கேட்கும்.

“ஊரைக் கூப்பிட்டாச்சு” என்றாள். “கோட்டையூர்ச் சம்பந்திக வாராக. வந்தவுகளுக்குப் பலகாரத்தை மட்டும் கொடுத்து அனுப்பவா? மேடையில நாங்க ஏற மாட்டோம். எங்க வீட்டுல யாரும் ஏறினதில்லை. ஆனா என் அடுப்புக்கு முன்னாடி நின்னு நான் பேசுறதை எவன் வேண்டாம்பான்? கேக்குறவுக முத்தத்துல உக்காந்து கேக்கட்டும்.”

செயலாளர் குடையை முறுக்குவதை நிறுத்தினார். “மனப்பாடம் பண்ணணுமே ஆச்சி. நடுவுல ஒரு நாள்தானே இருக்கு…”

பெரியாத்தா அவரைப் பார்க்கவே இல்லை. ஆத்தா பக்கம் திரும்பி, “நேற்றுக் கொடுத்த நெய்யை நினைத்தே” என்று தொடங்கினாள். ஆத்தா ஒரு கணம்கூட விடவில்லை, அடுத்த வரியால் மடக்கினாள். அவள் இவளை, இவள் அவளை. ஒரு மாதச் சண்டையில் நாடகம் முழுவதும் இரண்டு பேருக்கும் தண்ணீர்பட்ட பாடாக இருந்தது. யாரும் பாடவில்லை, யாரும் வெட்டவில்லை. பேசினார்கள். வரிக்கு நாலு சீர் சுத்தமாக நின்றது, ஆனால் அது நிற்கிறது என்று யாருக்கும் தெரியாது. செயலாளர் குடையைத் தரையில் போட்டுவிட்டார்.

“நீயும் நிப்பியா?” என்று பெரியாத்தா ஆத்தாவைக் கேட்டாள்.

“நீங்க உங்க வரியைச் சொல்லும்போது நான் வாயை மூடிக்கிட்டா இருப்பேன்?” என்றாள் ஆத்தா.

அந்தச் சிறுமி பாத்திரம் எனக்கு வந்தது அப்படித்தான். கிண்ணம் தூக்குகிற பெண் நாடகத்திலும் இருந்தாள், வீட்டிலும் இருந்தாள், வேறு ஆள் எதற்கு? பெரியப்பச்சியிடம் பெரியாத்தா சொன்னது இவ்வளவுதான்: “நாடகம் இரண்டாங்கட்டுல. நாங்களே பேசுறோம். சாயங்கால வெயில் நல்லா விழும்.” அவர் தலையை ஆட்டிவிட்டு ஜமக்காளம் விரிக்கச் சொல்லப் போனார். தெய்வ சம்பந்தமான கதை, வீட்டுப் பெண்கள் வாயால் சொன்னால் புண்ணியம் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்ததை நான் கேட்டேன்.

வெள்ளிக்கிழமை மாலை முற்றம் நிறைந்துவிட்டது. ஆண்கள் ஜமக்காளத்தில், பெண்கள் எதிர்த் தாழ்வாரத்தில் தூணுக்குத் தூண். முன்வரிசையில் பெரியப்பச்சி, சந்தனமும் ஜரிகைத் துண்டுமாக. முதல் இரண்டு அடுப்பிலும் நிஜமாகவே குழம்பு கொதித்தது. மூன்றாவது அடுப்பு சாணி போட்டு மெழுகி, கோலமிட்டு, எரியாமல் கிடந்தது. சவுக்கு விறகுப் புகையும் வெங்காயம் வதங்குகிற வாசனையும் கூட்டத்தின் மேல் போயின. நாடகத்துக்கு வாசனை இருந்ததை அதற்குப் பிறகு நான் எங்கேயும் பார்க்கவில்லை.

பெரியாத்தா உழக்கை வழித்துக்கொண்டே முதல் வரியைச் சொன்னாள். நாடகம் தொடங்கிவிட்டது என்று பாதிப் பேருக்குத் தெரியவில்லை. பின்னால் யாரோ, “எப்ப ஆரம்பிப்பாக?” என்று கேட்டார். ஆத்தா உப்புக் கேட்கும் இடம் வந்தது. “உப்புண்டா ஆச்சி, ஒருகை போதும்.” எதிர்த் தாழ்வாரத்தில் சம்பந்தி வீட்டு அம்மாள் ஒருத்தி தன்னை மறந்து, “இருக்கு, எடுத்துக்கயேன்” என்று பதில் சொல்லிவிட்டாள். கூட்டம் சிரித்தது. தூணுக்குப் பின்னால் சின்னாத்தாவின் முகத்தைப் பார்த்தேன். பரிசு வாங்கியவர்கள் முகம்கூட அப்படி இருக்காது.

சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. கதை எங்கே போகிறதென்று பெண்களுக்கு முதலில் புரிந்தது. பிறகு ஆண்களுக்கு. கடைசியாகப் பெரியப்பச்சிக்கு. துண்டின் ஓரத்தை எடுத்து மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். எழுந்து போக முடியாது, அழைத்தவர் அவர்தான்.

என் முறை வந்தது. கிண்ணத்தோடு மூன்றாவது அடுப்புக்கு முன்னால் போய் நின்றேன். என் ஒரே வரியைச் சொன்னேன். “ஏனிந்த அடுப்பில் பூனை உறங்குது?”

சின்னாத்தா வெளியே வந்து அந்த அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஊதுகுழலை மடியில் வைத்துக்கொண்டாள். யாரையும் பார்க்காமல், காய்கறிக்காரியிடம் விலை பேசுகிற குரலில் சொன்னாள்.

“ஒருத்திக்கு உலையா என்று கேட்டீர்;
ஒருத்திக்கும் பசிக்கும்; ஒருத்திக்கும் விடியும்;
வருத்தம் ஒன்றில்லை; வழியை மறியேன்;
நெருப்பை மட்டும் நிறுத்தச் சொல்லாதீர்.”

நாடகம் அங்கே முடிய வேண்டும். யாரும் கை தட்டவில்லை. முற்றத்துச் சுவரில் வெயில் உச்சிக்குப் போயிருந்தது. சாமி அறையில் யாரோ விளக்கு வைத்துவிட்டிருந்தார்கள். குழம்பு கொதிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

அப்போது பெரியாத்தா தன் அடுப்புக்குள் இடுக்கியை விட்டாள். நல்ல கங்காக ஒன்றைப் பார்த்து எடுத்தாள். வெள்ளிக்கிழமை, விளக்கு வைத்த பிறகு. எதிர்த் தாழ்வாரத்துப் பெண்கள் மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது. ஆத்தாவின் அடுப்பைத் தாண்டி, என்னைத் தாண்டி வந்து, அந்தக் கங்கை மூன்றாவது அடுப்பில் வைத்தாள். எழுதாத ஒரு வரியைச் சொன்னாள்.

“இருக்கிறேன் நானடி, இந்தா நெருப்பு, ஊது.”

சின்னாத்தா அண்ணாந்து பார்த்தாள். ஊதுகுழலைத் தூக்கி வாயில் வைத்தாள். முதல் தடவை மூச்சு வரவில்லை. இரண்டாம் தடவை ஊதினாள். சுள்ளி பிடித்துக்கொண்டது. அந்தப் புகைதான் என்று எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள், செயலாளர் உள்பட. நான் புகையைச் சாக்குச் சொல்லவில்லை, நன்றாகவே அழுதேன்.

பெரியப்பச்சி எழுந்தார். தொண்டையைக் கனைத்தார். “எல்லாரும் இருந்து பலகாரம் சாப்பிட்டுப் போங்க” என்றார். பிறகு மூன்றாவது அடுப்பின் பக்கம் பார்த்து, “காப்பி அங்குட்டு இருந்து வரட்டும்” என்றார். அவ்வளவுதான். தன் பெண்டாட்டி ஊரறிய ஏற்றின அடுப்பை எந்த ஆண்பிள்ளை அணைப்பான்? ஆவணி வந்தது, நல்ல நாளும் வந்தது, அவர் பஞ்சாங்கத்தைக் கையில் எடுக்கவில்லை.

அடுப்பை எடுக்கச் சொல்லித் தூபம் போட்டது பெரியாத்தாதான் என்று நாங்கள் அத்தனை பேரும் நினைத்திருந்தோம். சின்னாத்தாவும் அப்படித்தான் நினைத்து அந்த முதல் வரிகளை எழுதினாள். பெரியப்பச்சி முன்பே பெரியாத்தாவிடம் கேட்டாராம். அவள் “உங்க இஷ்டம்” என்றாளாம். எங்கள் வீட்டுப் பெண்கள் ‘உங்க இஷ்டம்’ என்றால் வேண்டாம் என்று அர்த்தம் என்பது, அத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் அந்த மனிதருக்குத் தெரியவில்லை. எனக்கே கல்யாணமாகி, நானே அதைச் சொல்லிப் பார்த்த பிறகுதான் விளங்கியது.

சித்தப்பச்சி பிற்பாடு ஊருக்கு வந்து சேர்ந்தார். மூன்றாவது அடுப்பில் இரண்டு பேருக்கு உலை வைக்கப்பட்டது. சின்னாத்தா இன்னும் சில நாடகங்கள் எழுதினாள், பஸ் நிலையத்தில் நடக்கிற ஒன்று எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஊதுகுழல் எப்படியோ போய்விட்டது. காரைக்குடியில் பழைய சாமான் விற்கும் கடைகளுக்குப் போனால் பித்தளைக் குழல்களை எடுத்து வாய்ப்பக்கம் நசுங்கியிருக்கிறதா என்று பார்ப்பேன். காலண்டர் தாள்களும் போயின. அவற்றை யாரும் தேடவில்லை, எங்கள் வீட்டுப் பெண்களுக்கு இன்றைக்கும் அது வாய்ப்பாடம்.

அந்த விழாவுக்கு மறுநாள் காலையை மட்டும் சொல்லிவிடுகிறேன். மூன்று அடுப்பும் எரிந்துகொண்டிருந்தன. பெரியாத்தா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சின்னாத்தா ஊதுகுழலால் தரையில் மெல்லத் தட்டிப் பார்த்தாள். நாலு தட்டு, அதற்கு மேல் ஒரு தட்டு. இன்னொரு தடவை தட்டினாள். அவளால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

“ஆச்சி, நேத்து நீங்க சொன்ன வரியில ஒரு சீர் கூடிப்போச்சு. நாலுதான் வரணும். கடைசியில அந்த ‘ஊது’ வேண்டியதில்லை.”

பெரியாத்தா முறத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“ஊதாம எப்படிடி எரியும்?” என்றாள்.